பன்றிக்குப் பதில் மணி

நண்பர் ஒருவர் அமெரிக்காவின் டி மொய்ன் நகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். அயோவா மாநிலச் சட்டமன்றத்தின் தங்கக் குவிமாடத்தைப் பார்க்கப் போனவருக்கு, அதே வளாகத்துப் புல்வெளியில் ஒரு ஜப்பானிய மணிமண்டபமும் அதில் தொங்கும் பெரிய மணியும் கண்ணில் பட்டிருக்கின்றன. ஜப்பானின் யமனாஷி மக்கள் நட்பின் அடையாளமாகக் கொடுத்தது என்று தெரிந்துகொண்டார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். யமனாஷிக்கும் அயோவாவுக்கும் என்ன உறவு? கொடுப்பதற்கு எத்தனையோ இருக்க, நாக்கே இல்லாத ஒரு மணியை எதற்காகக் கொடுத்தார்கள்? புத்த விகாரையில் தொங்கவேண்டிய மணி அரசாங்க இடத்தில் எப்படி இருக்கிறது?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். பன்றிகளுக்கு நன்றி சொல்ல வந்த மணி அது.

யமனாஷி கடலே இல்லாத மாகாணம். ஃபூஜி மலையின் வடபுறத்தில், சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவில் வாணலி போலப் பள்ளமாக ஒரு சமவெளி. அதில்தான் தலைநகர் கோஃபு இருக்கிறது. திராட்சைக்கும் பீச் பழத்துக்கும் பெயர் பெற்ற மண். இப்படிப்பட்ட இடத்துக்குப் புயல் வந்தால் காற்றைவிடத் தண்ணீர்தான் எமன். நாலா பக்கமும் மலையில் பெய்த மழை மொத்தமும் வாணலிக்குள்தான் இறங்கும். 1959 ஆகஸ்ட் 14 அன்று ஒரு புயல் வந்து ஆற்றங்கரைகளை உடைத்தது. உடைந்ததை அடைத்து நிமிர்வதற்குள் செப்டம்பர் 26 அன்று இன்னொன்று. இரண்டாவதுதான் ஜப்பானியர் இன்றும் 'இசேவான்' என்று பெயர் சொல்லி நினைவுகூரும் புயல். நாடு முழுவதும் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலான சாவுகள் இசே வளைகுடாக் கரையில் நேர்ந்தன என்றாலும், யமனாஷியின் வயல்களும் கால்நடைகளும் ஒரே பருவத்தில் இரண்டு முறை அடி வாங்கின.

இந்தச் செய்தியைப் படித்தவர்களில் ரிச்சர்ட் தாமஸ் என்ற விமானப்படை சார்ஜென்ட் ஒருவர். அயோவாக்காரர். போருக்குப் பிறகு ஜப்பானில் பணியாற்றியவர், யமனாஷியை அறிந்தவர். பணம் திரட்டலாம், போர்வை அனுப்பலாம் என்பதுதான் இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் தோன்றும். அவருக்குப் பன்றி தோன்றியது. அயோவாவில் பிறந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகமாக இருக்கும் மாநிலம் அது. பசித்தவனுக்கு இறைச்சி அனுப்பினால் ஒரு வேளைக்கு ஆகும். இனவிருத்திக்கான பன்றிகளை அனுப்பினால் அவை அங்கேயே குட்டி போட்டுப் பெருகும். அயோவா விவசாயிகள் பன்றிகளைக் கொடுத்தார்கள். 1960 ஜனவரியில் அமெரிக்க விமானப்படையின் விமானத்தில் 35 பன்றிகள் ஜப்பான் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குத் தீனியாக மக்காச்சோளம் கப்பலில் பின்தொடர்ந்தது.

விமானப்படையின் விமானம் என்று எழுதினேன். அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். 1945 ஜூலை 6 இரவு கோஃபுவின் வானத்தில் வந்தவையும் அமெரிக்க விமானங்கள்தாம். தீக்குண்டுகளைப் போட்டு ஒரே இரவில் நகரின் பெரும்பகுதியை எரித்துவிட்டுப் போயின. 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாள் தனபாதா, மூங்கில் கிளைகளில் வண்ணக் காகிதங்கள் கட்டும் விண்மீன் திருவிழா. அதனால் அந்தத் தாக்குதலுக்குத் தனபாதா குண்டுவீச்சு என்றே பெயர். பதினைந்து ஆண்டுகூட முடியவில்லை, அதே கொடி பூண்ட விமானம் உறுமிக்கொண்டு வந்து இறங்குகிறது, கதவைத் திறந்தால் உள்ளே பன்றிகள். அன்றைக்கு யமனாஷியில் நாற்பது வயதான ஒருவர் இதை எப்படிப் பார்த்திருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சிரித்திருப்பாரா, அழுதிருப்பாரா?

பன்றிகள் தங்கள் வேலையைச் செவ்வனே செய்தன. ஒன்பதாண்டுகளில் ஜப்பானில் அந்த வம்சத்துப் பன்றிகள் 5,00,000 ஆகிவிட்டன என்று அயோவாவில் பெருமையாகச் சொல்வார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதில் கொடுத்தவர்களுக்கும் நட்டமில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்கக் களஞ்சியங்களில் மக்காச்சோளம் மலிந்து கிடந்தது. வந்து இறங்கிய பன்றிகள் தின்று பழகியது அந்தச் சோளம். பின்னால் பல பத்தாண்டுகள் அமெரிக்க மக்காச்சோளத்தின் முதன்மையான வாடிக்கையாளர்களில் ஒன்றாக ஜப்பான் இருந்தது. இதைச் சொன்னால் சிலருக்குக் கதையின் இனிப்பு குறைந்துவிடுகிறது. எனக்கு அப்படியில்லை. கொடையும் வியாபாரமும் ஒரே வண்டியில் போவது உலக வழக்கம். கொடை மெய்யாக இருந்ததா என்பதுதான் கேள்வி. இங்கே அது மெய்யாகவே இருந்தது.

1960-இலேயே அயோவாவும் யமனாஷியும் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டு சகோதரி மாநிலங்கள் ஆயின. நகரங்கள் இப்படிக் கைகோப்பது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையில் முதல் ஜோடி செயின்ட் பால் நகரமும் நாகசாகியும். 1955 டிசம்பர் 7 அன்று, பேர்ல் துறைமுகத் தாக்குதலின் ஆண்டு நாளன்று, அது அமைந்தது. டி மொய்னும் கோஃபுவும் 1958-இல் சேர்ந்தன. இப்படிப்பட்ட உறவுகளில் பாதி, மேயர்கள் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடும். அயோவா-யமனாஷி உறவு அப்படி ஆகாததற்குக் காரணம், ஒப்பந்தத்துக்கு முன்பே பன்றிகள் போய்விட்டன.

இனி மணி. ஜப்பானில் ஒருவர் ஏதாவது கொடுத்தால் பதிலுக்குக் கொடுக்காமல் இருப்பது பெரிய குறை. 'ஒகாஏஷி' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. நம் மொய் நோட்டைப் போன்ற கணக்குத்தான், ஆனால் வந்ததையே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். பன்றிக்குப் பன்றி என்பது கடனைத் தீர்ப்பது போல ஆகிவிடும். யமனாஷி மக்கள் 1962-இல் அனுப்பியது ஒரு மணியும், அதைத் தொங்கவிட ஒரு மண்டபமும். அந்தக் காலத்தில் ஜப்பானியர் ஒருவருக்கு மணி என்றால் என்ன பொருள் என்பது தெரிந்தால்தான் இந்தப் பரிசின் கனம் விளங்கும்.

போர்க்காலத்தில் ஜப்பானிய அரசு உலோகங்களைத் திரட்டியது. 1941-இல் அதற்கு ஆணை வந்தது. வீட்டுப் பாத்திரம், பாலத்துக் கைப்பிடி, சிலை எதையும் விடவில்லை. கோயில் மணிகளையும் இறக்கினார்கள். ஊரே கூடி, மணிக்கு வெள்ளைத் துணி கட்டி, போருக்குப் போகும் பையனை அனுப்புவதுபோல் வண்டியேற்றி அனுப்பிய படங்கள் இருக்கின்றன. மிகப் பழமையானவை மட்டும் தப்பின. நாட்டில் இருந்த மணிகளில் பத்துக்கு ஒன்பது உருகிப்போயின என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நேரம் சொல்லவும் சாவு சொல்லவும் ஆண்டு பிறப்பைச் சொல்லவும் முந்நூறு நானூறு ஆண்டுகளாக ஒலித்த குரல் பல ஊர்களில் திடீரென்று இல்லாமல்போனது. சண்டை ஓய்ந்தபின் ஒவ்வோர் ஊரும் காசு சேர்த்துப் புது மணி வார்த்தது. ஒருமுறை ஆயுதமாக்கப்பட்ட வெண்கலம் மறுபடி மணியாக மாறியதால், 1950-களில் மணி தானாகவே சமாதானத்தின் சின்னமாகிவிட்டது. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் இருக்கும் மணியும் அந்த அலையில் வந்ததுதான். 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் நாணயங்களை உருக்கி வார்த்து, 1954-இல் ஜப்பானிலிருந்து கொடுத்தார்கள். ஜப்பான் அப்போது அந்தச் சபையில் உறுப்பினர்கூட இல்லை. யொகொஹாமா நகரம் தன் சகோதரி நகரமான சான் டியேகோவுக்கு 1958-இல் மணி கொடுத்தது. அதை வார்த்தவர் மஸாஹிகோ கதோரி. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் 1964-இல் நிறுவிய மணியும் அவர் கைவேலை. அதில் எல்லைக்கோடே இல்லாத உலகப்படம் இருக்கிறது. மரத்தால் அடிக்கும் இடத்தில் அணுவின் சின்னத்தைப் பொறித்திருக்கிறார். ஒவ்வோர் அடியும் அதன் மேல் விழவேண்டும் என்பது கணக்கு.

யமனாஷிக்காரர்கள் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்துத்தான் மணியைத் தேர்ந்தெடுத்தார்களா? அப்படி நான் சொல்லவரவில்லை. தங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்ததைக் கொடுத்தார்கள், அது மணியாக இருந்தது என்பது என் கணிப்பு.

நாக்கைப் பற்றிக் கேட்டிருந்தார். ஜப்பானிய மணியை 'போன்ஷோ' என்பார்கள். அந்த 'போன்', பிரம்ம என்ற நம் சொல் சீனம் வழியாகப் போய்த் தேய்ந்த உருவம். புனிதமான மணி என்று பொருள். அதற்கு உள்ளே நாக்கு கிடையாது. வெளியே, மணியின் பக்கவாட்டில், இரண்டு கயிறுகளில் ஒரு மரக்கட்டையைக் கிடையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் பெயர் ஷுமொகு. அதை ஊஞ்சல்போல ஆட்டி இடிக்கவேண்டும். மணி அசையாது, கட்டைதான் அசையும். இரும்பு நாக்கு வெண்கலத்தில் பட்டால் 'கணீர்' என்று வெட்டும். மரம் பட்டால் அந்த வெட்டு இல்லை. ஒலி உள்ளேயிருந்து கிளம்பி வருவதுபோல இருக்கும்.

மணியைக் கீழிருந்து மேலாகப் பார்க்கவேண்டும். அடி விளிம்பு தடித்திருக்கும். அதற்குக் குதிரைக்குட்டியின் குளம்பு என்று பெயர். சற்று மேலே தாமரைப்பூ வடிவில் ஒரு வட்டம், கட்டை வந்து மோதும் இடம் அது. நெடுக்கும் குறுக்குமாக ஓடும் பட்டைகள் பிட்சுவின் மேலாடைத் தையலைப் போன்றவை. அவற்றுக்கு நடுவில் உள்ள வெற்றுக் கட்டங்களுக்குக் 'குளம்' என்று அழகான பெயர். எழுத்துகளைப் பொறிப்பது அங்கேதான். தோள்பட்டையில் வரிசை வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். பல மணிகளில் எண்ணிப் பார்த்தால் 108 வரும். உச்சியில், மணியைத் தாங்கும் வளையமாக, இரட்டைத் தலை டிராகன்.

வார்ப்பதும் தனிக் கலை. களிமண்ணும் மணலும் குழைத்து அச்சு செய்வார்கள். மணியின் பாதி உருவத்தை ஓரமாக வெட்டிய பலகையை நடு அச்சில் பொருத்திச் சுற்றுவார்கள். குயவர் சக்கரத்தில் பானை சுற்றும், இங்கே பலகை சுற்றும். எழுத்துகளை அச்சில் இடவலம் மாற்றிப் பதிக்கவேண்டும். தாமிரத்தை உருக்கி, பிறகு வெள்ளீயத்தைச் சேர்த்து, ஒரே மூச்சில் ஊற்றவேண்டும். நடுவில் நின்றால் மணி பாழ். ஆறுவதற்கு நாள்கணக்கில் காத்திருந்து அச்சை உடைப்பார்கள். ஐரோப்பிய மணிகளை வார்த்தபின் உள்ளே கடைந்து சுருதி சேர்ப்பதுபோல ஜப்பானில் செய்வதில்லை. அச்சை உடைத்தபோது என்ன குரலோடு வருகிறதோ, அதுதான் அதன் குரல்.

வேலைக்காக ஜப்பானில் இருந்த காலத்தில் ஒரு டிசம்பர் 31 நள்ளிரவில் சின்ன ஊர்க்கோயில் ஒன்றில் வரிசையில் நின்றேன். ஆண்டு முடியும்போது 108 முறை மணி அடிப்பார்கள், மனிதனுக்கு இருக்கும் 108 மன அழுக்குகளுக்கு ஒன்றாக. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு முறை அடிக்கலாம். என் முறை வந்தபோது பின்னால் நின்ற கிழவர் கயிற்றை என் கையில் சரியாகப் பிடிக்க வைத்தார். இழுத்து ஓங்கி விட்டுவிடக் கூடாதாம். மெதுவாக ஒன்று, இன்னும் கொஞ்சம் கூட்டி இரண்டு, மூன்றாவது ஆட்டத்தில் கட்டையின் கனமே அதைக் கொண்டுபோகும், அப்போது விடவேண்டும். பட்டவுடன் கயிற்றைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டை திரும்ப வந்து இரண்டாம் முறை இடித்து ஒலியைக் கெடுத்துவிடும். நான் பிடிக்க மறந்தேன். 'டொக்' என்று ஒரு குட்டி இடி கேட்டது. கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்கள் ஒருவருக்கு மட்டும் நூற்றொன்பது" என்றார்.

அந்த ஒலியை அவர்கள் மூன்றாகப் பிரித்துக் கேட்கிறார்கள். முதலில் 'அதாரி', மரம் படும் கணம். அடுத்து 'ஓஷி', சுமார் பத்து வினாடி தள்ளிக்கொண்டு வரும் ஒலி. கடைசியில் 'ஒகுரி', வழியனுப்புதல் என்று பொருள், ஒரு நிமிடம்வரை நீண்டு தேயும். நம் இசைக்காரர்கள் கார்வை என்று சொல்வார்களே, அந்த வகை. இந்தத் தேய்விலே ஒலி ஒரே சீராக இல்லாமல் 'உவ்வ்... உவ்வ்...' என்று ஏறி இறங்கும். மணி எவ்வளவு கவனமாக வார்த்தாலும் முழு வட்டமாக வராது, கனமும் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்காது. அதனால் ஏறத்தாழ ஒரே சுருதியில், மயிரிழை வித்தியாசத்தில், இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் எழுகின்றன. அவை ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் போவதால் வரும் அலை அது. குறை என்று ஒதுக்காமல் அதற்குப் பெயர் வைத்து ரசிக்கிறார்கள். அந்த அலை சரியாக விழாத மணியை நல்ல மணி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது கேள்வி, மதம். இது வெறும் சந்தேகமில்லை, நீதிமன்றம்வரை போன விவகாரம். அயோவாவில் இல்லை, டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் நகரத்தில். ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிய ஊர் அது. ஜப்பானின் நாகா அதன் சகோதரி நகரம், அங்கும் அணு ஆராய்ச்சி நடக்கிறது. கியோட்டோவில் பிறந்த ஷிகெகோ உப்புலூரியும், இந்தியாவில் பிறந்து அந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் கணிதவியலாளராக இருந்த அவர் கணவரும், ஒரு நட்பு மணி வேண்டும் என்று முன்வைத்தார்கள். 1993-இல் ஜப்பானில் வார்த்த அந்த மணி 8,000 பவுண்டு எடை, அதாவது மூன்றரை டன்னுக்கும் மேல். பேர்ல் துறைமுகம், ஹிரோஷிமா, நாகசாகி, போர் முடிந்த நாள் எல்லாத் தேதிகளும் அதில் இருக்கின்றன. அமெரிக்கா மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கிறது என்று சிலர் கொதித்தார்கள். ஊர்க்காரர் ஒருவர், இது புத்தமதச் சின்னம், அரசு ஒரு மதத்தை ஆதரிக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1998-இல் வழக்குப் போட்டார். 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பூங்காவில், நட்பையும் அமைதியையும் சொல்லும் எழுத்துகளோடு இருக்கும் மணியைப் பார்க்கும் சாதாரண ஆள், நகராட்சி புத்தமதத்தைப் பரப்புகிறது என்று நினைக்கமாட்டார் என்பது சாரம்.

சட்டப்படி சரி. ஆனால் மணிக்கும் மதத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அது பொய். தாமரையும் 108 குமிழும் எங்கிருந்து வந்தன? மதத்திலிருந்து வந்து ஊர்ப் பொதுவாகிப்போன பொருள் என்று சொல்வதே நேர்மை.

எல்லா ஜப்பானிய மணிகளும் பரிசாகப் போனவை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். போருக்குப் பின் மினசோட்டாவின் டுலூத் நகரத்துக்கு, அதே பெயர் கொண்ட போர்க்கப்பலின் மாலுமிகள் ஒரு கோயில் மணியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உருக்குவதற்காகத் திரட்டப்பட்டு உருகாமல் கிடந்த மணி. அது ஓஹாரா என்ற ஊருடையது என்று தெரிந்ததும் 1954-இல் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஊர்களும் 1990-இல் சகோதரி நகரங்கள் ஆயின. பிறகு ஓஹாரா, அதே மணியின் மறுவார்ப்பை டுலூத்துக்குப் பரிசாக அனுப்பியது. டோக்கியோவின் ஷினகாவாவில் உள்ள ஹொன்சென்ஜி கோயில் மணியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய்க் காணாமல்போனது. ஜெனீவாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பதாகத் துப்புக் கிடைத்து 1930-இல் வீடு திரும்பியது. அதற்கும் ஒரு மறுவார்ப்பு 1991-இல் ஜெனீவாவுக்குப் போயிற்று. எடுத்துப்போனவனுக்கே பிரதி செய்து கொடுக்கும் இந்தப் பழக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அயோவாவுக்குத் திரும்புவோம். 1993 கோடையில் அங்கே பெருவெள்ளம். ஜூலை 11 அன்று டி மொய்னின் குடிநீர் நிலையத்துக்குள் ஆறு புகுந்தது. ஏறத்தாழ 2,50,000 பேருக்குப் பன்னிரண்டு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. குழாயில் வந்தபிறகும் குடிக்கலாம் என்று சொல்ல மேலும் ஒரு வாரம் ஆயிற்று. யமனாஷி மக்கள் வசூல் செய்து சுமார் 3,00,000 டாலர் அனுப்பினார்கள். புயலைப் பார்த்த தலைமுறையில் பலர் அப்போது உயிரோடு இல்லை. மணி கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று அவர்கள் பிள்ளைகள் நினைக்கவில்லை.

நண்பர் மறுபடி மகள் வீட்டுக்குப் போகும்போது அந்த மண்டபத்தில் கொஞ்ச நேரம் நிற்கட்டும். முதலில் 'குளம்' எங்கே இருக்கிறது என்று தேடி எழுத்துகளைப் பார்க்கட்டும், குமிழ்களை எண்ணட்டும். யாராவது அடித்தால், ஒலி ஓய்ந்துவிட்டது என்று தோன்றும் நேரத்தில் அடி விளிம்பில், அந்தக் குதிரைக் குளம்பில், விரல் நுனியை லேசாக வைத்துப் பார்க்கட்டும். காதுக்கு எட்டாத கடைசிப் பகுதி அங்கே விரலுக்குத் தெரியும்.